குழுவைப் புதுத் தளத்துக்குக் கூட்டிப்போவது எப்படி

புது ஆப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பேச ஆள் இல்லையென்றால் இரண்டாவது நாள் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2011-இல் வந்தபோது பணத்துக்கும் குறைவில்லை, வசதிக்கும் குறைவில்லை, ஆனால் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தது வேறு இடத்தில். 2019-இல் பொதுப் பயனர்களுக்கு அதை மூடியே விட்டார்கள். அதனால் தளத்தில் மொத்தம் எத்தனை கோடிப் பேர் என்று பார்க்காதீர்கள், உங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. குழுவில் 10 பேர் என்றால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 45 இணைப்புகள். விருப்பமுள்ளவர்கள் வரட்டும் என்று விட்டு, 5 பேர் புது இடத்துக்குப் போய் 5 பேர் பழைய இடத்திலேயே நின்றால், பக்கத்துக்கு 10 இணைப்புதான் மிஞ்சும், 25 அறுந்துவிடும். பாதிக்கு மேல்! அதே 10 பேரில் 2 பேர் மட்டும் இரண்டு தளத்திலும் கணக்கு வைத்துக்கொண்டு, மீதி 8 பேர் நாலு நாலாகப் பிரிந்தால் அறுவது 16 மட்டும். இப்படி ஒரே ஆள் இரண்டு தளத்திலும் இருப்பதற்குப் பொருளாதாரத்தில் மல்டி ஹோமிங் என்று பெயர். ஆகவே முதல் வேலை, எல்லோரோடும் பேசுகிற அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பது. அவர்களுக்கு இரட்டை வேலைதான், அதனால் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆளுக்கு ஆள் அழைப்பு அனுப்புவதில் பெரிதாகப் பலன் இருக்காது. தினமும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஒரு சின்னக் கூட்டத்தை, ஒரே நாளில், மொத்தமாக மாற்றுங்கள். ஃபேஸ்புக்கும் 2004-இல் ஹார்வர்டு என்ற ஒரே பல்கலைக்கழகத்துக்குள் தொடங்கி, ஒவ்வொரு கல்லூரியாகத்தான் வெளியே வந்தது. கூடவே அடிக்கடி தேவைப்படுகிற ஒன்றை, கூட்ட அட்டவணையோ கோப்புகளோ, புது இடத்தில் மட்டும் போடுங்கள். என்னைக் கேட்டால் பத்து அழைப்பை விட இதுதான் ஆளை இழுக்கும்.

போகிற இடத்திலிருந்து நாளை வெளியே வர முடியுமா என்பதையும் இப்போதே பாருங்கள். மின்னஞ்சலில் யார் எந்த நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கொருவர் எழுதலாம், செய்தி ஆப்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. தொடர்புப் பட்டியலையும் பழைய படங்களையும் பதிவிறக்க வழி இல்லாத தளம் என்றால் வேண்டாம்.

பழைய குழுவை உடனே அழிக்காதீர்கள். புதுக் குழுவுக்கான லிங்க்கை மேலே ஒட்டி வைத்து, யாரும் புதிதாக எழுத முடியாதபடி ஒரு மாதம் பூட்டி வையுங்கள். கடைசியில் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள், அவர்களுக்குச் செய்தி அனுப்பாமல் போன் போட்டுப் பேசி, கணக்கைத் திறக்கும்வரை கூடவே இருங்கள்.