நீக்ரோ என்செம்பிள் கம்பெனி பத்தி தெரிஞ்சுக்கணுமா, நாடகத்துலேர்ந்து ஆரம்பிங்க

இது நியூயார்க்ல தொடங்கின கறுப்பர் நாடகக் குழு. வரலாற்றை முதல்ல எடுத்தீங்கன்னா தூக்கம் வந்துடும். அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான டக்ளஸ் டர்னர் வார்ட் எழுதின 'டே ஆஃப் ஆப்சன்ஸ்' எடுங்க, சின்னது, ஓரங்க நாடகம். அமெரிக்காவுல தெக்குப் பக்கம் ஒரு ஊரு, ஒருநாள் காலைல பாத்தா கறுப்பர் ஒருத்தரையும் காணோம், வீட்ல குழந்தை வீல்னு கத்துது, அப்பா அம்மாவுக்கு அதை என்ன பண்றதுன்னே தெரியல, கடைசில மேயர் டிவில வந்து திரும்பி வந்துடுங்கன்னு கெஞ்சுறாரு. இந்த வெள்ளைக்காரங்களா நடிக்கிறது மூஞ்சில வெள்ளை பூசின கறுப்பு நடிகர்கள். ஒரு காலத்துல வெள்ளைக்காரங்க கரியைப் பூசிக்கிட்டு மேடையேறி இவங்களை நக்கல் அடிச்சாங்கல்ல, அதுக்கு பதிலடி. இதை மறந்துட்டு படிச்சா பாதி சிரிப்பு போச்சு. நாலு பேர் சேந்து சத்தமா வாசிச்சுப் பாருங்க, இன்னும் நல்லாருக்கும்.

இப்ப வரலாறுக்கு வாங்க. 1965ல நியூயார்க் செயின்ட் மார்க்ஸ் பிளேஹவுஸ்ல அந்த நாடகம் ஓடி ஹிட்டு, 1966ல வார்ட் நியூயார்க் டைம்ஸ்ல அமெரிக்க தியேட்டர் வெள்ளையருக்கு மட்டும்தானான்னு கேட்டு எழுதுறாரு, ஃபோர்ட் ஃபவுண்டேஷன்ங்கிற நன்கொடை அமைப்பு பணம் குடுக்குது, 1967ல வார்ட், ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்ட் க்ரோன் மூணு பேரும் கம்பெனி தொடங்குறாங்க. நடிகர்களுக்கு மட்டுமில்ல, மேடைக்குப் பின்னாடி வேலை செய்றவங்களுக்கும் பயிற்சி குடுத்தாங்க, என்னைக் கேட்டா அதுதான் பெரிய விஷயம்.

அடுத்து அவங்க மேல வந்த திட்டையும் கண்டிப்பா படிங்க. நியூயார்க்ல கறுப்பர்கள் நிறைய இருந்த ஹார்லம்ல வைக்காம ஏன் ஈஸ்ட் வில்லேஜ் பகுதில, ஏன் இன்னும் நீக்ரோன்னு பேரு, முதல் நாடகமே ஏன் பீட்டர் வைஸ்ங்கிற வெள்ளைக்காரரோடதுன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அந்த நாடகம் அங்கோலாவுல போர்ச்சுகீசியர் பண்ண அட்டூழியத்தைப் பத்தினதுங்கிறதையும் சேத்துப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

அவங்க போட்ட ஜோசப் வாக்கரோட 'தி ரிவர் நைஜர்' 1974ல சிறந்த நாடகத்துக்கு டோனி (பிராட்வே நாடகங்களுக்குக் குடுக்கிற விருது) வாங்குச்சு, டைம் இருந்தா படிங்க.

விடவே கூடாதது சார்லஸ் ஃபுல்லரோட 'எ சோல்ஜர்ஸ் ப்ளே', அதையும் இவங்கதான் போட்டாங்க, 1981ல மேடையேறி 82ல புலிட்சர் விருது வாங்குச்சு. 1944, லூசியானா ராணுவ முகாம், சார்ஜென்ட் வாட்டர்ஸை யாரோ சுட்டுட்டாங்க. யாருன்னு கூகுள் பண்ணாதீங்க ப்ளீஸ். படிச்சிட்டு 1984ல வந்த படத்தைப் பாருங்க, மேடையில நடிச்ச டென்சல் வாஷிங்டன் அதுலயும் இருக்காரு, சாமுவேல் எல். ஜாக்சனைத் தேடாதீங்க, அவர் மேடையில மட்டும்தான். படத்துல கார்ப்பரல் கோப்பா வர டேவிட் ஆலன் கிரியரை கவனிச்சு வெச்சுக்கங்க, 2020 பிராட்வேல அவர்தான் வாட்டர்ஸ், அதுக்கு டோனியும் வாங்கிட்டாரு.