பிளைவுட் படகுக்கு முதல் எபாக்ஸிப் பூச்சு எப்போது?

பிளைவுட் பலகைக்கு முதல் எபாக்ஸிப் பூச்சைக் காலையில் பூசாமல், வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசுங்கள். இறுகிய பின் குமிழ்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்து அகற்றும் வேலை பெருமளவு குறையும். மரத்தின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் காற்று, வெப்பம் ஏற ஏற விரிந்து, இன்னும் இறுகாத ரெசினை (எபாக்ஸிப் பிசினை) துளைத்துக்கொண்டு வெளியேறுவதால்தான் குமிழ்களும் ஊசித்துளைகளும் உண்டாகின்றன. பலகை குளிர்ந்துகொண்டிருந்தாலோ அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பலகையைப் பகல் வெயிலில் சற்றுச் சூடேற்றி, நிழலுக்கு நகர்த்திப் பூசினாலும் இதே பலன் கிடைக்கும். தட்பவெப்பத்தைக் காரணம் காட்டி, ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரின் விகிதத்தை மட்டும் மாற்றக் கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் வினையூக்கியை 1 முதல் 2 சதவீதம் வரை கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

இரவில் பனி இறங்கும் திறந்த வெளிக்கு இந்த முறை பொருந்தாது. இறுகாத எபாக்ஸியில் ஈரம் பட்டால் மேலே பிசுபிசுப்பான படலம் உருவாகி, அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டிவரும். முதல் பூச்சு மரத்தின் துளைகளை நன்றாக மூடிவிட்டால், இரண்டாம் பூச்சுக்குக் காலையா மாலையா என்று பார்க்கத் தேவையில்லை.