நீர்வடிப்பகுதி முகமை: எதை உள்ளூரில் வைப்பது, எதை மையத்துக்குக் கொண்டுபோவது?

ஓர் ஆற்றுக்கு மழைநீர் வடிந்து வந்து சேரும் நிலப்பரப்பே நீர்வடிப்பகுதி. அதைப் பாதுகாக்கும் முகமைகளை இணைப்பதா, சிறிதாகவே விடுவதா என்ற விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, முகமை செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரியுங்கள்.

அதற்கு முன் எல்லையைச் சரிசெய்ய வேண்டும். நிர்வாக வரைபடத்தில் தொடங்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவிலிருந்து மழைநீர் இரு பக்கமும் பிரிந்தோடும் மேட்டின் எல்லைக்கோட்டை வரைந்து, துணையாறு வாரியாக உட்பகுதிகளைப் பிரியுங்கள். சமதளத்தில் இந்தத் தரவு ஏமாற்றிவிடும். சாலைக்கரையும் வாய்க்காலும் நீரின் போக்கை மாற்றியிருக்கும் என்பதால், அங்கே நடந்துபார்த்துத்தான் கோட்டைத் திருத்த முடியும். நிலத்தடி நீர் இந்தக் கோட்டுக்குள் அடங்காது. அதற்கான எல்லையைத் தனியாக வரையுங்கள்.

இனி ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகள். இதன் விளைவு உட்பகுதியைத் தாண்டுகிறதா? முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது? இடத்தை அறியாதவர் செய்தால் எது கெடும்? வெள்ள முன்னறிவிப்பு, நீர்த்தரப் பரிசோதனைக்கூடம், அணைப் பாதுகாப்புப் பொறியாளர்கள் ஆகியவை ஆற்றுப்படுகை முழுவதையும் பார்க்கும் மையத்துக்குரியவை. இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சிறு முகமைக்குக் கட்டுப்படியாகாது. தடுப்பணைப் பராமரிப்பு, கரையோர மரநடவு, நில உரிமையாளர்களோடு பேச்சு, அனுமதிக்கு முந்தைய கள ஆய்வு ஆகியவை உள்ளூருக்குரியவை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1972இல் 154 சிறு அமைப்புகளை இணைத்து, ஆற்றுப்படுகைகளை ஒட்டி 24 இயற்கை வள மாவட்டங்களை அமைத்தது. இணைத்தபோதும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேர்தலில் வந்த குழுவும் சொத்துவரி விதிக்கும் அதிகாரமும் இருந்தன. இணைப்பு தாங்குவதற்கு இவை இரண்டும் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பணத்தில்தான் பெரும்பாலான சீரமைப்புகள் இடறுகின்றன. மக்கள்தொகைப்படி மட்டும் நிதியைப் பிரித்தால் ஆற்றின் மேற்பகுதி பட்டினி கிடக்கும்: அங்கே ஆட்கள் குறைவு, சரிவும் மண்ணரிப்பும் அதிகம். பரப்பு, சரிவு, மக்கள்தொகை மூன்றையும் சூத்திரத்தில் சேருங்கள். ஒரு படுகையில் வசூலித்த கட்டணத்தை அந்தப் படுகைக்கே செலவிட வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். பிரான்ஸ் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆறு படுகை முகமைகளை அமைத்தபோது, நீரை எடுப்போரிடமும் மாசுபடுத்துவோரிடமும் வசூலித்து அதே படுகைக்குத் திருப்பும் முறையைத்தான் கைக்கொண்டது.

இணைப்பு முடிவானால் பெயர்ப்பலகையை மாற்றுமுன் பதிவேடுகளைச் சேருங்கள். இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் நீர்மட்ட அளவுகோலின் பூஜ்யத்தை வெவ்வேறு உயரத்தில் வைத்திருக்கும். அவற்றை அப்படியே ஒரே கணினியில் ஏற்றினால், மேலே 2 மீட்டரும் கீழே 2 மீட்டரும் ஒரே மட்டம்போலத் தெரியும், எச்சரிக்கை தவறிவிடும். எல்லா அளவுகோல்களின் உயரத்தையும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறியிலிருந்து) லெவலிங் கருவியால் அளந்து, திருத்த எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் குறியுங்கள். நீர்மட்டத்தைப் பாய்வாக (நொடிக்கு ஓடும் நீரின் அளவாக) மாற்றும் அட்டவணையையும், பெருவெள்ளத்துக்குப் பின் நீரோட்ட வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டரால் மீண்டும் அளந்து சரிபாருங்கள். ஆற்றின் அடி அரிக்கப்பட்டிருந்தாலோ மணல் மேடிட்டிருந்தாலோ பழைய அட்டவணை பொய் சொல்லும்.

ஷட்டர் திறப்பை மேலோட்டமாக எழுதிவைக்கக் கூடாது. எந்த மட்டத்தில் எத்தனை ஷட்டர், எவ்வளவு உயரம், கீழ்ப்பகுதிக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் தகவல் என்பதை மையம் வகுக்கட்டும். தொடர்பு அறுந்தால் அந்த அட்டவணைப்படி தானே திறக்கும் அதிகாரம் மதகில் நிற்பவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நீர் கரையைத் தாண்டிவிடும்.

உள்ளூர் குழுவுக்கும் கடிவாளம் வேண்டும். குழு உறுப்பினரின் நிலம் சம்பந்தப்பட்ட அனுமதியில் அவர் வாக்களிக்கக் கூடாது. வெள்ளச் சமவெளியில் கட்டட அனுமதி தந்தால் நீர் கீழ்ப்பகுதிக்குத் தள்ளப்படும்; எனவே அத்தகைய அனுமதியை எதிர்த்து மையத்தில் முறையிடும் உரிமை கீழ்ப்பகுதி முகமைக்கு வேண்டும். முறையீட்டை முடிக்க நாள் வரம்பையும், முடியும்வரை கட்டுமானத்துக்குத் தடையையும் விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

புதிய ஏற்பாட்டைப் பழையதோடு சேர்த்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். இரண்டின் முன்னறிவிப்புகளையும் களத்தில் அளந்த மட்டத்தோடு ஒப்பிட்ட பிறகே பழைய அலுவலகத்தை மூடலாம்.