தீக்காய வலிய பல்ல கடிச்சிக்கிட்டு பொறுக்காதீங்க

எங்க மாமாவுக்கு நெல் அவிக்கிற அண்டா சாஞ்சி முழங்காலுக்கு கீழ ரெண்டு காலும் வெந்துபோச்சு, மூணு வாரம் வார்டுல கூடவே கெடந்தேன், அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல தண்ணி. ஐஸ் வேணாம், குழாத்தண்ணியோ மோட்டார் தண்ணியோ ஓடவிட்டு 20 நிமிஷம் காட்டுங்க, பட்டு 3 மணி நேரத்துக்குள்ளன்னா லேட்டா செஞ்சாலும் பலன் உண்டு, காந்தலும் அடங்கும், காயம் ஆழமா எறங்கறதும் கொறையும். மெட்டி மோதிரத்த வீங்குறதுக்கு முன்னாடியே கழட்டிட்டு 108க்கு அடிங்க. இட்லி மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீங்க, அப்பறம் அத தொடச்சி எடுக்குறப்ப உயிர் போயிடும். நல்லா வெந்த எடத்துல வலியே இல்லன்னா நிம்மதியாகாதீங்க, நரம்பும் சேந்து வெந்திருக்கலாம்.

வலி ரெண்டு விதம். சும்மா படுத்திருக்கும்போதே இருக்கற காந்தலுக்கு, வலி ஏறுன பெறகு கேக்காம நேரம் தவறாம மருந்து போகணும், பாரசிட்டமால், பத்தலன்னா டாக்டர் பாத்து மார்ஃபின் மாதிரி வலுவான வலி மருந்து குடுப்பாங்க. அதவிட கொடும கட்டு மாத்துறது. டிராலி சத்தம் கேட்டாலே மாமா கட்டில் கம்பிய இறுக்கி புடிச்சிக்குவாரு, கேட்டா "ஒண்ணுமில்ல மாப்ள"ம்பாரு. நாலாம் நாள் நான்தான் சிஸ்டர்கிட்ட போய், சும்மா இருக்கறப்ப வலி பத்துக்கு 4, கட்டு பிரிக்கறப்ப 9ன்னு சொன்னேன், அதுலேந்து கட்டுக்கு முக்கா மணி நேரம் முன்னாடியே மாத்திரை குடுத்து, ஒட்டியிருக்க துணிய சலைன்ல (சுத்தமான உப்புத்தண்ணி) நல்லா ஊறவச்சி எடுத்தாங்க, அன்னிக்குத்தான் மனுசன் கம்பிய விட்டாரு. அப்பவும் தாங்காதவங்களுக்கு பக்கத்துலயே டாக்டர் நின்னு கெட்டமின்ங்கற மயக்க மருந்து குடுக்குறதும் உண்டு. அதனால நம்பர் சொல்லி கேளுங்க, கேக்குறது தப்பே இல்ல.

மார்ஃபின் போட்டா அடிமையாயிடுவாங்கன்னு அத்த அழுதுது. வலிக்கேத்த அளவு குடுத்து டாக்டரே கொறைச்சிக்கிட்டு வர்றப்ப அதுக்கு பயந்து வலியோட கெடக்க வேணாம். ஆனா மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து கேளுங்க. எழுப்பினாலும் முழிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா இருக்குன்னா ஒடனே சிஸ்டர கூப்புடுங்க.

வீட்டுக்கு வந்தப்பறம் பாரசிட்டமால் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கி 4 கிராம தாண்டக்கூடாது, சளி மாத்திரைலயும் அது இருக்கும், குடிக்கிறவங்களுக்கு, ஈரல் கோளாறு இருக்கவங்களுக்கு இன்னும் கொறவுதான். கடைல வேற வலி மாத்திரைன்னு சும்மா வாங்கி போடாதீங்க, சிலது கிட்னிய பாதிக்கும். காயம் மூடுன பெறகு ராத்திரில அரிப்பு தூங்கவிடாது, சொறியாம தேங்காண்ணெ தடவுங்க, அடங்கலன்னா அதுக்கும் காபாபென்டின்ங்கற மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.