சாங்கி கடற்கரையில் ஓர் இரவு தங்குவது எப்படி

சிங்கப்பூரில் முதல் தடவை கூடாரம் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற இடம் சாங்கி கடற்கரைப் பூங்காதான். எதிரே புலாவ் உபின், தெக்கோங் தீவுகள், அவற்றுக்குப் பின்னால் மலேசியாவின் ஜொகூர் விளக்குகள். பூங்காவின் ஒரு முனையில் ஓடைமேல் ஒரு நடைபாலம். அதைத் தாண்டினால் படகுத்துறை, அதற்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையமும் உணவங்காடி நிலையமும். எதையாவது மறந்துவிட்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம், மழை விடவே இல்லை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த நிம்மதி பெரிய விஷயம்.

முதலில் அனுமதி. தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் எந்த நாட்களுக்கு அனுமதி தேவை, கூடாரம் போடும் பகுதி எது என்று பார்த்துவிட்டு, அங்கே சொல்லியிருக்கிறபடி விண்ணப்பம் செய்யுங்கள். கூடாரத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பார்பிக்யூ குழி வேண்டும் என்றால் அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வெறும் மணலிலோ புல்லிலோ நெருப்பு மூட்டக் கூடாது. அனுமதியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், இரவில் அதிகாரிகள் வந்து கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

போவதற்கு தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜில்தான், அதாவது நான் சொன்ன நடைபாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பேருந்து நிலையத்தில்தான், போய் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், பூங்கா 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். உங்கள் இடம் மறு முனையில் இருந்தால் கூடாரம், தண்ணீர், பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடப்பது பெரும்பாடு. சாமான் அதிகம் என்றால் டாக்ஸியில் போய் பக்கத்து கார் நிறுத்துமிடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கூடாரத்தை எங்கே போடுவது? ஆறு மணி வெயிலில் மணல் அழகாகத்தான் இருக்கும், தண்ணீர் ரொம்ப தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அதை நம்பாதீர்கள். இங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கிவிடும். மணலில் காய்ந்த இலை, சிறு குச்சி, போத்தல் மூடி எல்லாம் ஒரு கோடுபோல ஒதுங்கிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். கடைசியாக ஏறிய தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே, புல் தொடங்கும் இடத்தில் போடுங்கள். தென்னை மரத்துக்கு அடியில் மட்டும் வேண்டாம். நிழலுக்கு ஆசைப்பட்டுப் போய் நடுராத்திரியில் காயோ மட்டையோ விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நிறைய பேர் அவதிப்படுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று கடல் பக்கமிருந்து நேராக வரும், அதனால் கூடார வாசலைக் கடலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஆண்டின் நடு மாதங்களில் கதையே வேறு. மலாக்கா நீரிணைப் பக்கம் உருவாகும் 'சுமத்ரா' காற்று விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் மேற்கிலிருந்து, அதாவது நம் முதுகுப் பக்கம் நிலத்திலிருந்து, மழையோடு அடித்துக்கொண்டு வரும். ஒரு ஜூன் மாதம் எங்களுக்கு நடந்தது: நான்கு மணி இருக்கும், இலை அசையாமல் புழுக்கமாக இருந்தது, திடீரென்று சில்லென்று ஒரு வீச்சு, அடுத்த இரண்டு நிமிடத்தில் மேல்விரிப்பு பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது, என் மகள் உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கூடாரத்தோடு வந்த மெல்லிய ஆணிகளை மணலில் அடித்திருந்தேன். மணலில் அவை நிற்கவே நிற்காது.

அதன்பிறகு நான் செய்வது இதுதான். நான்கு கனமான துணிப்பைகள், அரிசிப் பை அளவுக்கு, காலியாக எடுத்துப் போவேன். அங்கே போனதும் மணலை நிரப்பி, வாயை இறுகக் கட்டி, கூடாரக் கயிற்றைப் பையின் நடுவில் சுற்றி முடிச்சுப் போட்டு, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்துவிடுவேன். கயிற்றை இழுத்துப் பாருங்கள், உங்கள் கை வலிக்குமே தவிர பை அசையாது. காலையில் மணலை அங்கேயே கொட்டிக் குழியை மூடிவிட்டுப் பையை மடித்து எடுத்து வந்துவிடலாம். மழையை விடுங்கள், இடி கேட்டால் கூடாரத்தில் உட்கார்ந்திருக்காமல் உடனே எழுந்து கட்டடம் எதற்குள்ளாவது போய்விடுங்கள்.

தூக்கத்துக்குக் காதடைப்பான் கட்டாயம். சாங்கி விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தரையிறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வாகப் போகும், இரவிலும் போகும். பிள்ளைகளுக்கு அது திருவிழா, பெரியவர்களுக்குத் தூக்கம் கெடும். கொசு, மணல் ஈ இரண்டுக்கும் மருந்து தடவிக்கொள்ளுங்கள், அந்தி நேரத்தில் முழுக்கால் சட்டை போடுங்கள். மது இரவு 10.30க்கு மேல் பொது இடங்களில் குடிக்கக் கூடாது, புகைப்பதற்கும் பூங்காவில் தடை. சாப்பாட்டை மூடி வையுங்கள், மிச்சத்தைப் பிராணிகளுக்குப் போடாதீர்கள்.

விடியற்காலையில் வற்றம் இருந்தால் அதிர்ஷ்டம்தான். டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாக நடந்தால் நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, நண்டு எல்லாம் ஈர மணலில் தெரியும். பாருங்கள், படம் எடுங்கள், ஆனால் வாளியில் போட்டு எடுத்து வராதீர்கள், அவை வீட்டில் பிழைக்காது. கரையில் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானிய ராணுவத்தினர் இந்தக் கரையில்தான் 66 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரம் அங்கே நின்று, பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும். அதற்கப்புறம் எல்லாவற்றையும் மடித்து, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி வாருங்கள். சாங்கி வில்லேஜ் ரோட்டில் ராமர் கோவில் இருக்கிறது, வேண்டுமென்றால் ஓர் எட்டு போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடுங்கள். உடம்பில் தெம்பு மிச்சம் இருந்தால் படகுத்துறையில் வரிசையில் நில்லுங்கள்: 12 பேர் சேர்ந்ததும் படகு உபினுக்குக் கிளம்பிவிடும், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாகவே வைத்திருங்கள்.