மேடையில் கைதட்டல், கீழே தனிமை: பேச்சாற்றலை நட்பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவருக்குப் புது ஊரில் டீ குடிக்கக்கூட ஆள் கிடைக்காமல் போவதுண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலோர ஊர்களுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் பலர் இப்படித் தவிக்கிறார்கள். கூச்சம் இல்லை, குரல் இருக்கிறது, விஷயமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பழகியது, எதிரே இருப்பவர் குறுக்கே பேசாத இடத்தில். அந்த வசதி டீக்கடை பெஞ்சில் கிடையாது. பேச்சாற்றலை அப்படியே வைத்துக்கொண்டு, மேடைப் பழக்கங்கள் சிலவற்றை மட்டும் கழற்றி வைத்தால் போதும்.

முதல் தவறு, தெரிந்ததை எல்லாம் கொட்டுவது. ராமேஸ்வரத்தில் படகுக்காரர் ஒருவரோடு பேச்சு தொடங்குகிறது, கச்சத்தீவு வருகிறது என்று வையுங்கள். பேச்சாளருக்குக் கை பரபரக்கும். இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தம், அதில் இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் தீவுக்கு வந்துபோகலாம் என்று சொல்லும் 5ஆவது பிரிவு, 1976இல் வந்த அடுத்த ஏற்பாடு என்று பத்து நிமிடம் ஓடிவிடும். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவரின் தம்பி படகு அக்கரையில் பிடிபட்டுக் கிடக்கலாம். அவர் அந்தக் கடலிலேயே வலை போட்டு வளர்ந்தவராக இருக்கலாம். அவருக்கே அவர் கடலைப் பாடம் நடத்தினால், “சரிங்க சார்” என்று எழுந்து போய்விடுவார். அதற்குப் பதிலாக, “அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போயிருக்கீங்களாண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் படகில் போனார்கள், யாரைச் சந்தித்தார்கள் என்று அவர் சொல்லத் தொடங்குவார். உங்களுக்குத் தெரிந்த 5ஆவது பிரிவு வீணாகாது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்கவும் அது உதவும். நட்புக்கு அதன் வேலை அவ்வளவுதான்.

கேள்வி கேட்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. “எந்தத் தெரு? அப்பா பேர் என்ன? உங்க ஆளுங்க யாரு?” என்று அடுக்கினால் அது சாதியைத் துழாவுவது என்று யாருக்கும் புரியும். கேட்பவர் வெள்ளந்தியாகக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் படும். “மாசம் எவ்வளவு வரும்?” என்பதும் வேண்டாம். “இன்னைக்குப் பாடு எப்படி?” என்று கேட்டால் மீன் கிடைத்த கதையும் வரும், கிடைக்காத கதையும் வரும். எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கும். நேரமும் பார்க்க வேண்டும். கரைக்கு வந்த மீன் ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது நின்று பேச்சுக் கொடுப்பவரை யாருக்கும் பிடிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பழுது பார்ப்பார்கள். கையில் வேலை, வாய்க்கு ஓய்வு. பேச்சுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. வருமானம் குறைந்த காலமும் அதுதான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அப்புறம், விளிப்பு. விவேகானந்தர் 1893இல் சிகாகோவில் ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று தொடங்கியதும் அரங்கம் கைதட்டியது. 1897 ஜனவரி 26 அன்று அவர் வந்து இறங்கியது பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குந்துகால். அதனால் இந்தப் பக்கம் மேடை ஏறுகிறவர்கள் அந்தக் கதையைச் சொல்லாமல் இறங்குவது அபூர்வம். கூட்டத்துக்கு அந்த விளிப்பு சரி. தனி ஆளுக்கு அவருக்குரிய விளிப்பு வேண்டும். பொதுவாக அண்ணே, அக்கா போதும். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் மூத்தவரைக் காக்கா என்றும், அக்காவை லாத்தா என்றும் அழைப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டுப் பழகிய பிறகு நீங்களும் அழைக்கலாம். மச்சான், மாப்ளே எல்லாம் இன்னும் தள்ளி. முறை சொல்லிக் கூப்பிடும் உரிமையை அவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். வந்த மூன்றாம் நாளே ஊர் வட்டார வழக்கை நடித்துக் காட்டுவது, என் கணக்கில், எல்லாவற்றிலும் மோசம். கேலி செய்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

பட்டிமன்றம் பேசிப் பழகியவர்களுக்குத் தனி வியாதி ஒன்று உண்டு. “பழைய பாம்பன் பாலந்தான் அழகு” என்று ஒருவர் சொன்னால், 1914ஆம் ஆண்டுப் பாலத்தில் கையால் நெம்பித் திறக்க வேண்டியிருந்தது, 2025இல் திறந்த புதுப் பாலம் செங்குத்தாக மேலே தூக்கும் என்று எதிரணி வாதத்தை எடுத்துவிடுவார்கள். அந்த மனிதர் கட்சி கட்டவில்லை. சின்ன வயதில் பார்த்ததைச் சொல்கிறார். தீர்ப்புச் சொல்ல அங்கே நடுவரும் இல்லை.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றிலும் இன்ஜின் இரைச்சலிலும் பேசிப் பழகியவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள்.

1924இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் தயாரித்த உரையைத் தவிர இன்னும் இரண்டு பயிற்சிகள் உண்டு. கொடுத்த தலைப்பில் உடனே எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் பேசுவது ஒன்று. இன்னொருவர் பேச்சைக் கவனித்துக் கேட்டு, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று அவருக்கே சொல்வது மற்றொன்று. நம் பள்ளி, கல்லூரிகளில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மனப்பாட உரையை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நட்புக்கு அந்த இரண்டுதான் வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிக்கத் தெரிந்தவரோடு திரும்பவும் பேசத் தோன்றும். போன வாரம் சொன்னதை நினைவில் வைத்து, “மக கவுன்சிலிங் என்னாச்சு?” என்று கேட்பவரை யாரும் விடமாட்டார்கள். இடைவெளியும் அப்படித்தான். மேடையில் கைதட்டலுக்காக நிறுத்துவோம். இங்கே நிறுத்துவது, அவர் உள்ளே வருவதற்கு. இரண்டு மூன்று விநாடி மௌனம் வந்தால் பயந்துபோய் அடுத்த துணுக்கை எடுத்துவிடாதீர்கள்.

சுதந்திர தின விழா, பள்ளி ஆண்டு விழா, கோயில், தர்கா, சர்ச் விழா என்று உங்களையும் மைக் முன்னால் நிறுத்துவார்கள். பேசி முடித்து, சால்வையை மடித்துக்கொண்டு அப்படியே வண்டி ஏறிப் போவது பெரிய இழப்பு. ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த கலாம், மாணவர் கூட்டங்களில் உரையோடு நிற்காமல் அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்வார். நீங்களும் உரையில் ஒரு இடத்தைத் திறந்து விடுங்கள். “இந்த ஊரில் எங்கே நின்றால் டால்பின் தெரியும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கினால், நாற்காலி அடுக்கும் நேரத்தில் யாராவது வந்து சொல்வார்கள். நாற்காலி அடுக்க நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

நம்பர் வாங்கிய பிறகு நடக்கும் தவறு, ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ். காலை வணக்கம், அதைத் தொடர்ந்து தன்னம்பிக்கை உரை. கடலில் சிக்னல் கிடைக்காது, கரைக்கு வந்ததும் வரிசையாக விழும். “நாளைக்குக் கடலுக்கா? சாயங்காலம் கடைக்கு வருவீங்களா?” என்று ஒரு வரி அனுப்பினால் பதில் வந்துவிடும்.