எம்பண்டாகாவுக்குப் பெட்டி கட்டுமுன்

காங்கோ ஜனநாயகக் குடியரசில், எக்குவாட்டர் மாகாணத் தலைநகரான எம்பண்டாகாவில் வேலை கிடைத்திருக்கிறதா? பெங்களூரில் இருக்கும்போதே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: அந்த ஊருக்கு ஆறுதான் வழி. கின்ஷாசாவிலிருந்து நம்பிப் போகும்படியான சாலை இல்லை. ஆட்கள் விமானத்தில் போகலாம். சிமென்ட், உப்பு, டீசல் எல்லாம் காங்கோ நதியில் படகேறித்தான் வர வேண்டும்.

தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையாக அங்கே தங்கியிருந்தவன் நான். அல்சூரில் தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஃபியூஸ் அங்கே அடுத்த படகில் வரலாம், வராமலும் போகலாம். ஃபியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்துப்போங்கள். போய் இறங்கியதும் இயந்திரத்தைத் திறக்காதீர்கள். ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் டீசல் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 2018 மே மாதம் எபோலா இந்த நகருக்குள் வந்தபோது, மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே வைத்திருக்க வேண்டிய தடுப்பூசியை அந்த வெக்கையில் காப்பாற்றி மக்களுக்குப் போட்டார்கள். அந்த ஊர்ப் பணியாளர்கள்மீது எனக்குள்ள மரியாதை அளவில்லாதது. அவர்கள் சொல்வதைக் கேட்டு வேலை செய்யுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அரசு அங்கீகரித்த மையத்தில் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள், கொசுவலை அவசியம்.

டாலர் நோட்டுகள் புதியனவாக இருக்கட்டும். ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தால்கூடக் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் உங்கள் கையிலேயே திருப்பி வைத்துவிடுவார். சில்லறைச் செலவுக்குக் காங்கோ பிராங்க். அலுவலகத்தில் பிரெஞ்சு, சந்தையில் லிங்காலா. வசந்த் நகரில் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேசில் பிரெஞ்சு எண்களையாவது பழகிக்கொண்டு போனால் விலை பேசலாம்.

சாப்பாட்டுக்குக் காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள். லிபோகே என்று கேளுங்கள். மீனில் மிளகாய், வெங்காயம் சேர்த்து அகன்ற காட்டு இலையில் பொதிந்து, வாயை இறுக்கிக் கட்டிக் கரியடுப்பில் வைப்பார்கள். வெளி இலை கருகும், உள்ளே மீன் தன் சாற்றிலேயே வெந்திருக்கும். கட்டை அவிழ்க்கும்போது வரும் ஆவிக்கு முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். கூடவே புளித்த மரவள்ளி மாவை இலையில் சுற்றி வேகவைத்த க்வாங்கா. அந்தப் புளிப்பு எனக்குப் பழகச் சில நாள் ஆனது. பிறகு விடவே மனமில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு மரவள்ளிக் கீரை உண்டு. மீன் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓய்வு நாளில் ரூக்கி ஆறு காங்கோ நதியில் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். பால் விடாத தேநீர்போல் கறுத்த நீர். சதுப்புக் காடுகளில் மட்கும் இலைதழையின் சாறு அது. அந்தக் காடுகளுக்கு அடியிலுள்ள கரிமண்ணில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் புதைந்திருப்பதாக 2017இல் கணக்கிட்டார்கள். 1900இல் தொடங்கிய ஈயாலா தாவரவியல் பூங்காவும் பக்கத்தில்தான்.

எம்பண்டாகா நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். அங்கே மாலை 5 மணிக்கே வீட்டுக்குப் பேசிவிடுங்கள். இங்கே அப்போது இரவு 9.30.